மலையில் குறைந்த அந்த மூன்று கிலோ

கேள்வி: "டாக்டர், எனக்கு 47 வயது. வாரத்தில் நான்கு நாள் பத்து கிலோமீட்டர் ஓடுகிறேன். மருந்து எதுவும் எடுப்பதில்லை. சென்ற ஆண்டு விமானத்தில் நேராக 3,500 மீட்டர் உயரத்திலுள்ள ஓர் ஊரில் போய் இறங்கினோம். விடுதியின் இரண்டாம் மாடிக்கு ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றேன். தலைவலி வேறு, பசியே இல்லை. தொப்பையோடு உடன் வந்த நண்பனோ ஜாலியாகச் சுற்றினான். பத்து நாளில் எனக்கு மூன்று கிலோ குறைந்தது. மலையில் வளர்சிதை மாற்றமே மாறிவிடும், கொழுப்பு நன்றாகக் கரையும் என்கிறார்களே, உண்மையா? இந்த ஆண்டு மனைவியோடு 5,300 மீட்டர் வரை நடைப்பயணம் போகிறோம். அதே ஊரில் ஓர் இரவு, அடுத்த இரவு 4,500 மீட்டரில், மூன்றாம் இரவு 5,300. என்ன சாப்பிட்டுத் தயாராக வேண்டும்? மனைவிக்குச் சர்க்கரை நோய் உண்டு, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது."

பதில்: நீங்கள் கேட்டது சாப்பாட்டைப் பற்றி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த மூன்று இரவுத் திட்டம். அதற்குக் கடைசியில் வருகிறேன். மேலே போனதும் உடல் என்னென்ன வேலை பார்க்கிறது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் எடுக்கிறது என்று தெரிந்துகொண்டால், திட்டத்தில் என்ன கோளாறு என்று நான் சொல்லாமலேயே உங்களுக்குப் புரிந்துவிடும்.

முதலில் காற்று. மேலே ஆக்சிஜன் குறைவு என்று சொல்கிறோம். விகிதம் என்னவோ மாறுவதில்லை. எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றை அந்த ஊரில் இறுக மூடிப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் பாருங்கள், யாரோ மிதித்ததுபோல நசுங்கிக் கிடக்கும். 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு; 5,300-இல் பாதியை ஒட்டி வந்துவிடும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. உள்ளே போகும் காற்று மூச்சுக்குழாயில் ஈரமாகும்போது, நீராவி 47 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தைத் தன் பங்காக எடுத்துக்கொள்ளும். எந்த உயரத்திலும் இந்தப் பங்கு மட்டும் குறையாது. கீழே 760-இல் 47 போனால் ஒன்றும் தெரியாது. எவரெஸ்ட் உச்சியில் 1981-இல் அளந்தபோது மொத்தமே 253 தான் இருந்தது. அதிலும் 47 போய்விட்டால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் குறைவை முதலில் மோப்பம் பிடிப்பது கழுத்தில், மூளைக்குப் போகும் தமனி பிரியும் இடத்தில், அரிசி மணி அளவுக்கு உட்கார்ந்திருக்கும் கேரோட்டிட் உறுப்பு. (இந்த வகை உணரிகள் மூச்சை எப்படி ஆள்கின்றன என்று காட்டியதற்காகத்தான் பெல்ஜியத்தின் கோர்னேய் ஹேமன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.) ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் அது மூளைக்குச் சொல்லும், மூச்சு வேகமாகும். நிமிடக் கணக்கில் நடக்கிற வேலை இது. ஆனால் வேகமாக மூச்சு விட்டால் ஆக்சிஜன் கூடுதலாக வருவதோடு கார்பன் டை ஆக்சைடும் கூடுதலாக வெளியேறும். அதனால் ரத்தத்தின் காரத்தன்மை ஏறும். மூளைக்கு அது பிடிக்காது, மூச்சுக்கு பிரேக் போடும். ஒரு பக்கம் ஆக்சிலேட்டர், ஒரு பக்கம் பிரேக். அந்த முதல் சில இரவுகளில் தூக்கத்தில் மூச்சு வேகமாகி, அடங்கி, சில விநாடி நின்றே போய், பிறகு ஒரு பெருமூச்சோடு மறுபடி தொடங்குவது இதனால்தான். நான் முதன்முதலில் அந்த உயரத்தில் தங்கியபோது, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நண்பரின் மூச்சு நின்ற ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்து விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். காலையில் அவர் நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார். தூங்காதவன் நான்தான்.

இந்த பிரேக்கை விடுவிப்பது சிறுநீரகம். மிஞ்சிய காரப் பொருளான பைகார்பனேட்டைச் சிறுநீரில் கொட்டி, ரத்தத்தின் காரத்தன்மையைச் சரிக்கட்டும். அதற்கு நாள் கணக்கில் ஆகும். மலைக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை செய்வதும் இதே வேலையைத்தான், கொஞ்சம் சீக்கிரமாக.

இந்த இடத்தில் உங்கள் நண்பரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு எவ்வளவு சுறுசுறுப்பாகக் கூடும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது அது. ஓட்டப் பயிற்சி இதயத்தையும் காலையும் பலமாக்கும், கேரோட்டிட் உறுப்பைப் பழக்காது. இன்னொன்றும் உண்டு. உடல்தகுதி உள்ளவர்கள் 'என்னால் முடியும்' என்று முதல் நாளே விறுவிறுவென்று நடப்பார்கள். தொப்பை உள்ளவர் நாற்காலியைத் தேடுவார். முதல் நாளில் நாற்காலி தேடுவதுதான் புத்திசாலித்தனம். நீங்கள் இறங்கிய அன்று என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. ஒரு ரவுண்டு ஓடிப் பார்த்திருப்பீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, வளர்சிதை மாற்றத்துக்கு வருவோம். மலையில் அது மந்தமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் சில நாட்களில் நடப்பது நேர்மாறு. அட்ரினலின் ஏறுகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சுத் தசைகள் இரவும் பகலும் கூடுதலாக உழைக்கின்றன. எனவே சும்மா படுத்திருந்தாலே உடல் செலவழிக்கும் ஆற்றல் கூடுகிறது. வாரங்கள் போகப் போக இது தணியும். அதே நாட்களில் பசி செத்துப்போகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் குறைவது ஒரு காரணம், குமட்டல் இன்னொரு காரணம். செலவு கூடி வரவு குறைந்தால் எடை இறங்காமல் என்ன செய்யும்?

எதன் எடை என்பதுதான் கேள்வி. உங்கள் மூன்று கிலோவில் கணிசமான பங்கு வெறும் தண்ணீராக இருக்கும். மேலே போனதும் சிறுநீர் அதிகம் பிரியும், வறண்ட காற்றை வேகவேகமாக இழுத்து விடுவதில் ஈரம் போகும். கல்லீரலிலும் தசையிலும் சேமித்திருந்த சர்க்கரையான கிளைக்கோஜன் கரையும்போது, அது பிடித்துவைத்திருந்த தண்ணீரும் சேர்ந்து போகும். மிச்சத்தில் கொழுப்பும் உண்டு, தசையும் உண்டு. அந்தத் தசைதான் எனக்கு உறுத்துகிறது.

1985-இல் அமெரிக்காவில் 'ஆபரேஷன் எவரெஸ்ட் 2' என்று ஒரு சோதனை நடந்தது. எட்டு ஆண்களை ஓர் அழுத்த அறைக்குள் வைத்து, 40 நாளில் படிப்படியாகக் காற்றைக் குறைத்து, எவரெஸ்ட் உச்சியின் நிலைக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே குளிர் கிடையாது, சுமை கிடையாது, சாப்பாட்டுக்குக் குறைச்சல் கிடையாது. இருந்தும் அவர்கள் சாப்பிடும் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சராசரியாக ஏழு கிலோவுக்கு மேல் எடை இறங்கியது. அந்த எடையில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல. ஸ்கேனில் தொடைத் தசை சுருங்கியிருந்தது தெரிந்தது. குளிரும் களைப்பும்தான் மலையில் ஆளை உருக்குகின்றன என்ற எண்ணம் அதோடு அடிபட்டுப் போனது. ஆக்சிஜன் குறைவு ஒன்றே போதும். எனவே கொழுப்பைக் கரைக்க மலைக்குப் போவது, கடன் தீர்க்க வீட்டுத் தூணைப் பெயர்த்து விற்பதுபோல.

அடுத்து, செல்லுக்குள் நடப்பது. இந்தத் துறையில் என்னை இன்றும் வியக்கவைக்கும் பகுதி இது. நம் செல்கள் ஹிஃப் என்ற ஒரு புரதத்தை ஓயாமல் தயாரிக்கின்றன, தயாரித்த சில நிமிடங்களுக்குள் அழித்தும்விடுகின்றன. வீண் வேலை மாதிரித் தோன்றும். ஆனால் அந்தப் புரதத்தின்மேல் 'இதை அழித்துவிடு' என்று முத்திரை குத்துகிற நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் முத்திரை விழாது. முத்திரை விழாத ஹிஃப் சேர்ந்துகொண்டே போய், செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தட்டி எழுப்பும். எப்போதும் தயாராக இருந்து, எப்போதும் கலைக்கப்படுகிற ஒரு தீயணைப்புப் படை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து வந்தால் புதிதாக ஆள் சேர்க்க வேண்டியதில்லை, கலைப்பதை நிறுத்தினாலே போதும். இதைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்ஸா மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

ஹிஃப் எழுப்பிவிடும் வேலைகளில் ஒன்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிறுநீரகம் எரித்ரோபாய்டின் சுரக்கும், எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைக் கூடுதலாகச் செய்யும். ஹார்மோன் சில மணி நேரத்திலேயே ஏறிவிடும். புது அணுக்கள் போதிய அளவில் சேர வாரக்கணக்கில் ஆகும். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் கூடியிருந்தால் அது உடலில் தண்ணீர் குறைந்து ரத்தம் கெட்டிப்பட்டதால் வந்தது, புது அணுக்களால் அல்ல. அந்த அணுக்களைச் செய்ய இரும்புச்சத்து வேண்டும் என்பதால், கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே இருவரும் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பார்த்துக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் சரிசெய்ய நேரம் இருக்கும்.

அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு வேலைதான் உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில். ஆக்சிஜன் வரவைக் கூட்ட ஓர் எல்லைக்கு மேல் வழி இல்லை என்றால், இருப்பதைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் அல்லவா? ஹிஃப் செல்லுக்குள் குளுக்கோஸ் நுழையும் வாசல்களைக் கூட்டுகிறது, குளுக்கோஸை உடைக்கும் நொதிகளைக் கூட்டுகிறது. மறுபக்கம், உடைந்த குளுக்கோஸ் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும் கதவைப் பாதி சாத்துகிறது. மைட்டோகாண்ட்ரியாதான் ஆக்சிஜனை எல்லாம் விழுங்கும் இடம். அது கொஞ்சம் அடங்கி வேலை செய்தால் ஆக்சிஜன் மிஞ்சும்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை ஆக்சிஜன் வைத்து முழுதாக எரித்தால் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி சுமார் 30 கிடைக்கும். ஆக்சிஜன் இல்லாமல் உடைத்தால் கிடைப்பது இரண்டே இரண்டு. எனவே ஆக்சிஜனே இல்லாமல் உடல் ஓட்டிவிட முடியாது. கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், அவ்வளவுதான். முதல் நாட்களில் அதே மாடிப்படி ஏறினாலும் ரத்தத்தில், ஆக்சிஜன் இல்லாமல் குளுக்கோஸ் உடையும்போது மிஞ்சும் லாக்டேட் அதிகம் சேர்வது இந்தக் காரணத்தால்தான். வேடிக்கை என்னவென்றால், சில வாரம் தங்கியவர்களை உச்சபட்சமாக உழைக்கவைத்து அளந்தால் லாக்டேட் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். லாக்டேட் முரண் என்று அதற்குப் பெயர். ஏன் என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

தசையிலும் மாற்றம் வரும். மேலே நீண்ட நாள் இருந்தால் மைட்டோகாண்ட்ரியா பெருகும் என்றுதான் ஒரு காலத்தில் எதிர்பார்த்தார்கள். மிக உயரத்தில் பல வாரம் கழித்துத் திரும்பிய மலையேறிகளின் தொடையில் ஊசி போட்டுத் தசையை எடுத்துப் பார்த்தால், அது குறைந்திருந்தது. அடுப்பை அணைத்துச் சிக்கனம் பண்ணுகிற வகை இது.

நேபாளத்தின் மலைவாசிகளான ஷெர்ப்பாக்கள் வேறு மாதிரி. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சமவெளி மக்களையும் ஷெர்ப்பாக்களையும் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு அழைத்துப்போய்த் தசையை ஒப்பிட்டார்கள். ஷெர்ப்பாக்களின் தசை கொழுப்பைக் குறைவாக எரிக்கிறது, உள்ளே வரும் ஆக்சிஜனுக்கு ஆற்றலைக் கறாராகப் பிழிந்து எடுக்கிறது. சமவெளிக்காரர்களின் தசையில் அவசரச் சேமிப்பான பாஸ்போகிரியேட்டின் நாளாக நாளாகக் குறைந்தது, இவர்களுக்கோ கூடியது. திபெத்தியர்களிடமும் இதே சாயல் உண்டு. 4,000 மீட்டரில் வாழ்ந்தாலும் அவர்களில் பெரும்பாலோருக்கு ஹீமோகுளோபின் கடல் மட்டத்து மக்களைவிட அதிகம் வித்தியாசப்படாது. இபாஸ்1 என்ற மரபணுவின் தனி வடிவம் அதற்கு ஒரு காரணம். அந்த வடிவம் அழிந்துபோன டெனிசோவன் மனித இனத்திடமிருந்து வந்தது என்று 2014-இல் தெரியவந்தது. ஆண்டிஸ் மலைவாசிகள் வேறு பாதையில் போனார்கள், ரத்தத்தைக் கெட்டியாக்கினார்கள். அது எல்லை மீறிப்போய் நோயாவதை பெருவின் கார்லோஸ் மோன்கே 1925-இல் விவரித்தார். இவையெல்லாம் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். பத்து நாள் விடுமுறையில் உங்களுக்கும் எனக்கும் வாய்க்காது.

இப்போது சாப்பாடு. ஒரு லிட்டர் ஆக்சிஜனில் மாவுச்சத்தை எரித்தால் சுமார் 5 கிலோகலோரி கிடைக்கும், கொழுப்பை எரித்தால் 4.7. கீழே இந்த வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஒவ்வொரு மூச்சும் கணக்காகிற இடத்தில் அது உதவும். அதனால் மேலே இருக்கும் நாட்களில் மாவுச்சத்து தூக்கலாக இருக்கட்டும். மாவுச்சத்தைக் குறைத்துக்கொண்டு பட்டினி கிடக்கும் உணவுமுறைகளை அந்த நாட்களில் தொடவே வேண்டாம். கொழுப்பு நிறைந்த சாப்பாடு வயிற்றில் நெடுநேரம் தங்குவதால், ஏற்கனவே குமட்டும் வயிற்றுக்கு அது ஆகவும் ஆகாது. பசிக்காகக் காத்திருக்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். தசையைக் காக்கப் புரதம் வேண்டும். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள், ஆனால் நாளுக்கு ஆறேழு லிட்டர் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அளவுக்கு மீறிய தண்ணீர் மலை நோயைத் தடுக்காது, உடலில் சோடியத்தைக் குறைத்து அதே தலைவலியையும் குமட்டலையும் கொண்டுவரும். மதுவும் தூக்க மாத்திரையும் இரவு மூச்சை அடக்கும், வேண்டாம். மற்றபடி எந்தச் சாப்பாடும் உடல் பழகும் நாட்களுக்கு மாற்றாகாது.

உங்கள் மனைவிக்குத் தனியாகச் சில விஷயங்கள். முதல் நாட்களில் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றலாம். பசி இல்லாமல் நடந்துகொண்டே இருந்தால் இறங்கவும் செய்யலாம். அடிக்கடி பார்க்க வேண்டும். ஆனால் பார்க்கும் கருவியே அங்கே ஏமாற்றும். சில வகைப் பட்டைகள் குளுக்கோஸை அளக்கும் வேதிவினையில் ஆக்சிஜனும் பங்கெடுக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும். குளிர் சேர்ந்தால் இன்னும் குழப்பம். கருவியையும் பட்டைகளையும் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எண் நன்றாக இருந்து உடம்பு நடுங்கி வியர்த்தால், நம்ப வேண்டியது உடம்பை. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் வகை மாத்திரை அவர் எடுக்கிறார் என்றால், பட்டினியும் நீர்க்குறைவும் சேரும்போது ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. கிளம்பும் முன் அவருடைய மருத்துவரிடம் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். அசெட்டசோலமைடு பற்றியும் அப்போதே கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்ல வேண்டும்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கொண்டுபோவீர்கள் என்று நினைக்கிறேன். 3,500 மீட்டரில் 88 சதவீதம் என்று காட்டினால் பதற வேண்டாம், அந்த உயரத்துக்கு அது சாதாரணம். 2007-இல் எவரெஸ்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நால்வரின் ரத்தத்தை 8,400 மீட்டரில் தொடைத் தமனியிலிருந்து எடுத்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் சராசரியாக 24.6 மில்லிமீட்டர். சமவெளியில் நமக்கு 80-க்கு மேல் இருக்கும். மருத்துவமனையில் அப்படி ஓர் எண் வந்தால் நாங்கள் ஓடுவோம். அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள், வாரக்கணக்கில் பழகியிருந்ததால். கருவியைவிட நான் நம்புவது ஓர் எளிய சோதனையை. தரையில் ஒரு கோட்டைப் பாவித்து, குதிகாலை முன் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலும் சேர்ந்தால், நுரையீரலில். இரண்டிலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது, உடனே கீழே இறங்க வேண்டும், கூடவே ஒருவர் வர வேண்டும்.

இனி உங்கள் திட்டம். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும். பகலில் உயரே போய்விட்டு இரவு கீழே வந்து படுப்பதில் தவறில்லை. நீங்கள் எழுதியிருக்கும் கணக்கில் இரண்டாம் இரவே ஆயிரம் மீட்டர், மூன்றாம் இரவு இன்னும் 800. சிறுநீரகம் பைகார்பனேட்டைக் கொட்டத் தொடங்கியிருக்கும் நேரத்தில் நீங்கள் உச்சியில் இருப்பீர்கள். சென்ற ஆண்டு 3,500-இலேயே தலைவலி வந்தவர் நீங்கள். அடுத்த முறை எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல ஜோசியம் கிடையாது.

அந்த ஊரில் மூன்று இரவு தங்குங்கள், முதல் இரண்டு நாள் ஓட்டம் கிடையாது. நான்காம் இரவு 4,000, ஐந்தாம் இரவு 4,400, ஆறாம் இரவு அங்கேயே, ஏழாம் இரவு 4,900, எட்டாம் இரவு 5,300. தலைவலி இருக்கும்வரை அடுத்த உயரத்துக்குப் போகக்கூடாது என்பதால், கையில் இரண்டு நாள் உபரியாகவும் இருக்கட்டும். விடுமுறை அத்தனை நாள் கிடைக்காது என்றால் 4,400-இலேயே திரும்பிவிடுங்கள். பயண ஏற்பாட்டாளரிடம் இந்த வாரமே பேசிவிடுவது நல்லது, முன்பணம் கட்டிவிட்டால் மாற்றுவது கஷ்டம்.